கார்ட் சார்ட் போட சாஃப்ட்வேர் தேடினது, இதுவரை 11 பாட்டு

எங்க சர்ச் கொயர்ல நான் கிட்டார், கீபோர்டுக்கு ஒரு அண்ணன், பாடுறவங்க எட்டு பேர். இத்தனை நாளும் பாட்டு வரியை டைப் பண்ணி, மேல ஸ்பேஸ் தட்டித் தட்டி ஜி, சி, டி-ன்னு கார்ட் (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) போட்டு பிரின்ட் எடுத்துட்டு இருந்தேன். தமிழ்ல அது நிக்கவே நிக்காதுங்க, ணை எவ்ளோ அகலம், ர எவ்ளோ ஒல்லி, ஃபாண்ட் சைஸை லேசா மாத்தினாலே கார்ட் எல்லாம் பக்கத்து வார்த்தைக்குப் போயிடும்.

முதல்ல இசைக்குறிப்பு எழுதற சாஃப்ட்வேர் மியூஸ்ஸ்கோர் 4 போட்டுப் பாத்தேன், காசு கிடையாது, ஓப்பன் சோர்ஸ். லைனுக்கு நாலு பார் (தாளக் கட்டம்), உள்ள பீட்டுக்கு ஒண்ணா ஸ்லாஷ் (சாய்கோடு) நிரப்பிட்டு கண்ட்ரோல் கே தட்டி கார்ட் பேரை அடிச்சு ஸ்பேஸ் தட்டினா அடுத்த பீட்டுக்கு அதுவே நகருது. முதல் தட்டுக்கு முன்னாடியே எடுக்கிற பாட்டுக்கு ஆரம்பத்துலயே பிக்கப் பார் வச்சுக்கலாம். கீபோர்டு அண்ணனுக்கு ரொம்ப இஷ்டம். ஆனா பாடுறவங்க கையில குடுத்தா "தம்பி, வரி எங்கப்பா?"ன்னு கேக்குறாங்க. வரி வேணும்னா நோட்ஸ் அடிச்சு ஒவ்வொரு எழுத்தா பிரிச்சு கீழ போடணும், நாலு சரணத்துக்கு அது ஆகாத வேலை.

அப்புறம்தான் கார்ட்ப்ரோ. 1992லயே வந்த ஃபார்மட், வெறும் டெக்ஸ்ட் ஃபைல். எந்த எழுத்துல கார்ட் மாறுதோ அதுக்கு முன்னாடி சதுர அடைப்புக்குறிக்குள்ள கார்ட் பேரை எழுதினா போதும், பிடிஎஃப் ஆக்கும்போது அது சரியா அந்த எழுத்துக்கு மேல ஏறி நிக்குது!! ட்ரான்ஸ்போஸ் 2-ன்னு ஒரு வரி சேர்த்தா ஜி இருந்த இடத்துல ஏ, சி இருந்த இடத்துல டி வருது, சிஸ்டர்ஸ் ஸ்கேலை ஏத்தச் சொன்னா இப்ப அஞ்சு நிமிஷ வேலை. தமிழுக்கு ரெண்டு விஷயம் கவனிக்கணும். கான்ஃபிக்ல (செட்டிங்ஸ் ஃபைல்ல) தமிழ் ஃபாண்ட் எதுன்னு நாமளே சொல்லணும். கொ, கை மாதிரி எழுத்து நடுவுல அடைப்புக்குறி புகுந்துட்டா கொம்பு தனியா கழண்டு புள்ளி வட்டத்தோட நிக்கும், அதனால எப்பவும் முழு எழுத்துக்கு முன்னாடியே போடுங்க.

டெக்ஸ்ட் ஃபைல்ங்கிறதே எனக்குப் பெரிய நிம்மதி. 1988ல வந்த ஃபினாலே, இசைக்குறிப்பு எழுதற அவ்ளோ பெரிய சாஃப்ட்வேர், அதையே 2024 ஆகஸ்ட்ல நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க. கார்ட்ப்ரோ ஃபைலுக்கு அந்தக் கவலை இல்ல, சாஃப்ட்வேர் போனாலும் நோட்பேட்லயே திறக்கும்.

இப்ப பாட்டு வரி எல்லாம் கார்ட்ப்ரோல, முன்னிசை, இடையிசை மட்டும் அண்ணனுக்காக மியூஸ்ஸ்கோர்ல. அடுத்து கிறிஸ்துமஸ் பாட்டுங்க, அதுல ரெண்டு 6/8 தாளம், ஸ்லாஷ் எப்படி வருதுன்னு போட்டுப் பாத்துட்டு எழுதறேன்.