மூச்சை எண்ணுதல்: தில்லியிலிருந்து ஒரு செவிலியின் நாட்குறிப்பு

நவம்பர் 3, திங்கள்

நெல் தாள்களை எரிக்கும் புகையும் வாகனப் புகையும் தில்லியின் மேல் கவிந்து, காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டிக் ‘கடுமை’ என்ற படிக்குப் போகும் இந்தப் பருவத்தில், வீடுகளுக்குச் சென்று நோயாளிகளைப் பார்க்கும் எங்களுக்கு வேலை கூடிவிடுகிறது. ஆர்.கே. புரத்தில் இன்று ஒரு புதிய வீடு. ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியரான அந்த மாமாவுக்கு வயது எழுபதுக்கு மேல். நெடுங்காலம் புகைபிடித்ததால் வந்த சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நோய்.

மருத்துவமனையிலிருந்து அவருடன் வந்த தாளில் நாடித்துடிப்பு 84, 96, 88 என்று வேளைக்கு வேளை மாறியிருக்க, மூச்சு எண்ணிக்கை மட்டும் எல்லா வேளையிலும் 18 என்றே இருந்தது. யாரும் நாள் முழுவதும் ஒரே கணக்கில் மூச்சு விடுவதில்லை. எண்ணாமல் எழுதிய 18 அது. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு என்பதால், அந்த எண்ணை எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் எண்ணியபோது 24 வந்தது.

எண்ணும் முறையை அவரைப் பார்த்துக்கொள்ளும் ஜார்க்கண்ட் பெண்ணுக்கு இந்தியில் சொல்லிக்கொடுத்தேன். நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல், கண்ணை மட்டும் மார்புக்கும் வயிற்றுக்கும் திருப்பி, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வார். கழுத்துத் தசைகள் இழுபடுகின்றனவா, ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் பேசி முடிக்கிறாரா என்பதும் அதே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நவம்பர் 6, வியாழன்

முனீர்காவில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலும் இருமலும். வெப்பநிலை 100.8 பாரன்ஹீட், நாடி 104, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அளக்கும் ஆக்சிமீட்டரில் 95, மூச்சு நிமிடத்துக்கு 28. புனேயிலிருந்து வீடியோவில் பேசிய மகன், “ஆக்சிஜன் 95 இருக்கே சிஸ்டர், நாளைக்கு டாக்டரைப் பார்த்தால் போதாதா?” என்று கேட்டார். போதாது என்றேன்.

நுரையீரலில் ஒரு பகுதி வேலை செய்யாமல் போனால், உடல் முதலில் மூச்சின் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கிறது. அந்த உழைப்பு பலிக்கும் வரை விரலில் மாட்டிய கருவி நல்ல எண்ணையே காட்டும். ரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் கணிசமாக இறங்கினாலும் செறிவு முதலில் கொஞ்சம்தான் குறையும். 90-க்குக் கீழே வந்துவிட்டால் சரிவு மிக வேகமானது. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்ட ‘நியூஸ்’ என்னும், நோயாளியின் நிலை மோசமாவதை முன்னரே காட்டும் மதிப்பெண் முறையிலும், ஆக்சிஜன் 95 என்றால் ஒரு புள்ளிதான். மூச்சு 25 அல்லது அதற்கு மேல் என்றால் அது ஒன்றுக்கே 3 புள்ளி, அதாவது மருத்துவர் உடனே பார்க்க வேண்டிய நிலை. மாலையில் எடுத்த எக்ஸ்-ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா.

நவம்பர் 9, ஞாயிறு

ஆக்சிமீட்டரைப் பற்றி இன்னும் சில செய்திகள். குளிரில் விறைத்த விரலிலும் நகப்பூச்சு உள்ள விரலிலும் அது தடுமாறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, திரையில் அலை சீராக வந்த பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்படுகிறது. நம்மவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது இது.

தில்லிக் குளிரில் இதைவிட ஆபத்தானது அங்கீட்டி. சாத்திய அறையில் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்குபவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறினாலும், சாதாரண ஆக்சிமீட்டருக்கு அதைப் பிரித்தறியத் தெரியாததால் 98 என்றே காட்டும். அங்கே கருவியைத் தேடுவதை விட்டு ஆளை வெளிக்காற்றுக்குக் கொண்டுவர வேண்டும்.

நவம்பர் 12, புதன்

காலை ஏழு மணிக்கு ஆர்.கே. புரத்து மாமி அழைத்தார்: “மாமா எழுந்திருக்கவே மாட்டேங்கிறார், தலை வலிக்கிறதுன்னு மட்டும் சொல்றார்.” போய்ப் பார்த்தேன். ஆக்சிமீட்டரில் 97. மூச்சு நிமிடத்துக்கு 10, அதுவும் மேலோட்டமாக. உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. கைகளை நீட்டச் சொன்னபோது மணிக்கட்டுகள் வெட்டி வெட்டி ஆடின. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரில் அளவு காட்டும் மிதவை நிமிடத்துக்கு 4 லிட்டரில் நின்றது. மருத்துவர் எழுதியது ஒரு லிட்டர். இரவில் அவர் இரைத்ததைப் பார்க்கப் பொறுக்காமல் மாமி திருகிக் கூட்டியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆக்சிஜன் கூடினால் நல்லது என்றுதான், கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு அலைந்த 2021-இன் கோடை இந்த நகரத்துக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

சிஓபிடி முற்றியவர்களுக்கு ஆக்சிஜன் செறிவு 88 முதல் 92 வரை இருந்தால் போதும். மற்றவர்களுக்குச் சொல்லும் 94 முதல் 98 என்ற அளவு இவர்களுக்குப் பொருந்தாது. அளவுக்கு மிஞ்சினால் கரியமில வாயு ரத்தத்தில் தேங்கி மயக்கத்தில் ஆழ்த்திவிடும். மூச்சு விடும் உந்துதல் குறைவதுதான் காரணம் என்று நாங்கள் படித்த காலத்தில் சொன்னார்கள். இப்போது வேறு இரண்டு காரணங்களே பெரியவை என்கிறார்கள்: காற்று சரியாகப் போகாத பகுதிகளுக்கு உடல் குறைத்து வைத்திருந்த ரத்த ஓட்டத்தை மிகுதியான ஆக்சிஜன் மறுபடி திறந்துவிடுகிறது, ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபின் கரியமில வாயுவைச் சுமக்கும் திறனும் குறைந்துபோகிறது.

குழாயை ஒரேயடியாகப் பிடுங்கிவிடக் கூடாது. செறிவு 88-க்கும் கீழே சடாரென்று விழுந்துவிடும். மருத்துவரிடம் தொலைபேசியில் பேசிக்கொண்டே, கருவி 90-ஐ ஒட்டி நிற்கும் வரை அளவைப் படிப்படியாக இறக்கி, நிமிர்த்தி உட்காரவைத்து, ஆம்புலன்ஸில் அனுப்பினோம். தமனி ரத்தச் சோதனையில் கரியமில வாயு மிகுந்திருந்ததால் இரவு முழுவதும் பைபாப் (முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தி மூச்சுக்கு உதவும் கருவி) வைத்தார்களாம்.

நவம்பர் 17, திங்கள்

மாமா வீடு திரும்பிவிட்டார். மூச்சு 20, செறிவு 90, பேச்சில் பழைய கிண்டல். மேசைமேல் தலையணை வைத்து அதில் முன்னங்கைகளை ஊன்றிச் சற்றே குனிந்து உட்காரவும், மூக்கால் இழுத்த மூச்சைக் குவித்த உதடுகள் வழியாக இழுத்ததைப் போல் இரு மடங்கு நேரம் விடவும் பழக்கினேன். குறுகிய மூச்சுக்குழாய்கள் பாதியில் மூடிக்கொள்ளாமல் உள்ளே தங்கிய காற்று வெளியேற இது உதவும். இன்ஹேலரை ஸ்பேசர் என்னும் இடைக்குழாய் வைத்தே எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு மருந்துக்குப் பிறகு வாயைக் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியும்.

இன்று கார்த்திகை முதல் தேதி. மாலையில் மாமி வாசலிலும் பூஜை அலமாரியிலும் விளக்கேற்றுவார். அலமாரியோ கட்டிலுக்குப் பக்கத்தில். ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் எரிவதை மூர்க்கமாக்கும். துணியிலும் தலைமுடியிலும் தங்கிக்கொள்ளும். விளக்குக்கும் கான்சன்ட்ரேட்டருக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் வேண்டும் என்றதும், “அப்போ கட்டிலை நகர்த்துங்கோ, சுவாமியை நகர்த்த முடியாது” என்றார் மாமி. கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினோம். மூக்கு வறண்டதென்று மாமா தடவிவந்த தேங்காய் எண்ணெயையும் நிறுத்தச் சொன்னேன். எண்ணெயும் வாஸ்லினும் ஆக்சிஜனுக்கு அருகில் ஆகாது, நீர் கலந்த ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவ வேண்டும் என்பதையும், மிதவையில் 1 லிட்டர்க் கோட்டையும் சிவப்பு மார்க்கரால் குறித்துவைத்தேன்.