புதிய பள்ளி, பாதி அணி

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள லவுடன் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) 1990-இல் 86,129 பேர் வசித்தார்கள். 2020-இல் 4,20,959 பேர். அதற்கு ஈடுகொடுக்க 1997 முதல் 2020 வரை பத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகள் திறக்கப்பட்டன. பள்ளி திறப்பு என்றால் எல்லோரும் கட்டடத்தைத்தான் பார்க்கிறார்கள். விளையாட்டுப் பொறுப்பில் இருப்பவர்களுக்கோ அது ஓர் அணியை நடுவில் பிளக்கும் வேலை.

எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும் எல்லைக்கோடு குடியிருப்புகளுக்கு நடுவே போகிறது. 12ஆம் வகுப்புக்குப் போகிறவர்கள் பழைய பள்ளியிலேயே படித்து முடிக்கலாம் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அது நியாயமான சலுகை. ஆனால் புதிய பள்ளி மூத்த மாணவர்கள் இல்லாமல்தான் களமிறங்கும். நீச்சலிலோ ஓட்டத்திலோ இதைச் சமாளித்துவிடலாம். அமெரிக்கக் கால்பந்தில் 15 வயதுப் பையன் 18 வயதுத் தடுப்பாட்டக்காரன்மேல் மோத வேண்டியிருக்கும். முதல் ஆண்டு ஜூனியர் வார்சிட்டி (பள்ளியின் முதன்மை அணியான வார்சிட்டிக்கு அடுத்த நிலை அணி) ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்வதே சரி. பெற்றோர் எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் இறங்கிவரக் கூடாது.

பழைய பள்ளியின் பாடும் சுலபமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் தாக்க 11 பேர், தடுக்க 11 பேர், அவர்களுக்கு மாற்று ஆட்கள். எண்ணிக்கை 30-ஐ ஒட்டி இறங்கினால் இரண்டு அணி பிரித்துப் பயிற்சி செய்ய முடியாது. ஒரே பையன் இரண்டு பக்கமும் ஆடி, ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில் களைத்துப்போய் அடிபடுவான். முதலில் காணாமல் போவது 9ஆம் வகுப்பு அணி. அடுத்த மூன்று ஆண்டுகளுக்கான நாற்றங்கால் அதுதான். 2018-இல் கவுன்ட்டியின் கிழக்குப் பகுதிப் பள்ளி ஒன்று ஆள் போதாமல் வார்சிட்டி கால்பந்துப் பருவத்தையே கைவிட்டது.

அடுத்த நெருக்கடி நேரம். இங்கே உயர்நிலைப் பள்ளி காலை 9.30-க்குத் தொடங்கி மாலை 4 மணிக்குப் பிறகே முடிகிறது. டிசம்பரில் 5 மணிக்குள் இருட்டிவிடும். கூடைப்பந்தில் பையன்கள், பெண்கள் என இரு பக்கமும் இரண்டு மூன்று நிலைகளில் அணிகள். இருப்பது ஒரு பெரிய ஜிம் (விளையாட்டு உள்ளரங்கு), ஒரு சின்ன ஜிம். அணிக்கு 2 மணி நேரம் கொடுத்தால் கடைசி அணி வெளியேற இரவு 9 ஆகிவிடும். பிந்திய நேரத்தை வாரந்தோறும் சுழற்சியில் மாற்றுங்கள். ஒரே அணியின் தலையில் கட்டினால் அந்தப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம் கெடும்.

இந்தக் கவுன்ட்டியின் ஆஷ்பர்ன் பக்கம் குடியேறிய நம் குடும்பங்கள் பலமுறை தவறவிடுவது ஆகஸ்ட் மாதத்தை. இலையுதிர்கால விளையாட்டு அணிகளுக்கான ஆள்தேர்வு வகுப்பு தொடங்குமுன்பே நடந்துவிடும். ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் அணி முடிவாகியிருக்கும். மருத்துவர் கையெழுத்திட்ட உடற்தகுதிப் படிவம் இல்லாமல் ஆள்தேர்வில் கலந்துகொள்ளவும் முடியாது. மே மாதத்திலேயே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

அதே ஆகஸ்ட்தான் உயிருக்கு ஆபத்தான மாதமும். உடல் வெயிலுக்குப் பழக 14 நாள் வேண்டும். அமெரிக்கக் கால்பந்தில் முதல் 2 நாள் ஹெல்மெட் மட்டும், 3 முதல் 5 வரை ஹெல்மெட்டும் தோள்கவசமும், முழுக் கவசம் 6ஆம் நாளில். முதல் 5 நாளும் தினம் ஒரே பயிற்சி. வெப்பத் தாக்குதலில் ஒருவன் விழுந்தால் ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, 30 நிமிடத்துக்குள் உடல் வெப்பத்தை 102 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறக்க வேண்டும். குளிர்வித்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். தொட்டியைப் பயிற்சிக்கு முன்பே நிரப்பிவையுங்கள்; விழுந்த பிறகு குழாயைத் தேடினால் நேரம் போய்விடும். புதிய பள்ளியில் இன்னொன்றும் உண்டு: சாலை புதிது, மைதானத்துக்கு எந்தக் கேட் வழியே வருவது என்று ஆம்புலன்ஸ்காரருக்குத் தெரியாது. அந்தக் கேட்டின் சாவி யாரிடம், வாசலில் நின்று வழிகாட்டப்போவது யார் என்பதை முதல் பயிற்சிக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும்.