சரயேவோ: பாலத்திலிருந்து 37 நாட்கள்

முதல் உலகப் போருக்கு வித்திட்ட கொலையோடு சேர்த்துப் பேசப்படும் லத்தீன் பாலத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. போஸ்னியத் தலைநகர் சரயேவோவின் பழைய கடைவீதியான பாஷ்சார்ஷியாவிலிருந்து மில்யாட்ஸ்கா ஆற்றங்கரைக்கு வந்தால் வியேச்னிட்சா நிற்கும், பழைய நகரமன்றம். அங்கிருந்து நீரோட்டத்தின் திசையில் நடந்தால் பத்து நிமிடத்துக்குள் பாலம் வந்துவிடும். 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் கடைசியாக வந்த வழி இதுதான்.

அன்று காலை எறியப்பட்ட குண்டு பின்னால் வந்த காரடியில் வெடித்தது. நகரமன்ற வரவேற்பு முடிந்ததும், காயம்பட்ட அதிகாரியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போக முடிவாயிற்று. அதற்குக் கரைச்சாலையிலேயே நேராகப் போக வேண்டும். ஓட்டுநரிடம் இதை யாரும் சொல்லவில்லை. பழைய திட்டப்படி அவர் பாலத்துக்கு எதிரே வலப்பக்கம் திரும்பினார். ஆளுநர் அதட்ட, வண்டி நின்றது. அங்கே கடை வாசலில் நின்றிருந்தார் 19 வயது போஸ்னிய செர்பியர் கவ்ரிலோ பிரின்சிப். இரண்டு தோட்டாக்களில் இளவரசரும் மனைவி சோஃபியும் மாண்டனர். அந்த மூலைக் கட்டடம் இப்போது சிறிய அருங்காட்சியகம். கார் மட்டும் வியன்னா ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

படம் எடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் பாதிக் கதையோடு போகிறார்கள். அடுத்த 25 நாட்கள் வெளிப்பார்வைக்கு அமைதிதான். ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி, 'எதற்கும் துணை நிற்போம்' என்று ஆஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்தது. பேரரசின் மறுபாதியான ஹங்கேரியின் பிரதமர் டிசாவைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் போயிற்று. ரஷ்யா வந்திருந்த பிரெஞ்சு அதிபர் ஊர் திரும்பட்டும் என்று வேறு காத்திருந்தார்கள். கொலைக்குப் பின்னால் செர்பியா இருப்பதாகக் குற்றம்சாட்டி, ஜூலை 23 மாலை 6 மணிக்கு அந்நாட்டுக்கு ஆஸ்திரியா கோரிக்கைகளோடு விதித்தது 48 மணி நேரக் கெடு. செர்பியா பெரும்பாலானவற்றுக்கு இணங்கியது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் சேர்வதை மட்டும் ஏற்கவில்லை. 28ஆம் தேதி செர்பியா மீது ஆஸ்திரியா போர் அறிவித்தது.

இதற்குப் பிறகு படைகளை ஏற்றிச்செல்லும் ரயில் அட்டவணைகளின் ஆட்சி. ஆஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் படை திரட்ட, செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யாவிடம் உருப்படியான திட்டம் இல்லை. பாதி திரட்டினால் மீதி குழம்பும் என்றார்கள் தளபதிகள். ரஷ்யப் பேரரசர் ஜார் 29ஆம் தேதி முழுப் படையையும் திரட்ட உத்தரவு போட்டு, ஜெர்மன் பேரரசர் கெய்சரின் தந்தி கண்டு அன்றிரவே நிறுத்தி, 30ஆம் தேதி மறுபடி போட்டார். ஜெர்மனியின் கணக்கோ, ரஷ்யா மெதுவாகத்தான் திரளும், அதற்குள் ஆறு வாரத்தில் ரஷ்யாவின் கூட்டாளியான பிரான்ஸை முடித்துவிடலாம் என்பது. ரஷ்யா திரளத் திரள அந்த ஆறு வாரம் கரைந்தது. ஆகஸ்ட் 1 அன்று, படையைக் கிழக்கே மட்டும் திருப்ப முடியாதா என்று கெய்சர் கேட்டார். முடியாது என்றார் தளபதி மோல்ட்கே. பிரான்ஸுக்கான பாதை பெல்ஜியம் வழியே போனது. ஆகஸ்ட் 4 அன்று பெல்ஜியத்துக்காக பிரிட்டனும் இறங்கியது.

பிரிட்டன் இறங்கினால் மெட்ராஸும் இறங்கியது போலத்தான். சரயேவோவில் சுட்ட 86ஆம் நாள், செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் மெட்ராஸின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. அதன் கல்வெட்டு சென்னை உயர் நீதிமன்ற மதிலில் இருக்கிறது. அதைப் பார்க்க விசா வேண்டாம்.