ஸ்லோவில் மட்டும் விழுந்த ஆயில் பிரஷர்

லாரியின் ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினை முழுவதுமாகப் பிரித்து வேலை பார்த்தோம். பிரீதரில் (இன்ஜின் உள்காற்று வெளியேறும் குழாய்) புகை தள்ளியது, ஆயில் குடித்தது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. இனியும் தள்ளிப்போட முடியாது என்ற நிலை. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 0.25 மி.மீ. தேய்த்து, அந்த அளவுக்கு உள்விட்டம் குறைந்த அண்டர்சைஸ் பேரிங் போட்டோம். பிளாக்கை ரசாயனத் தொட்டியில் ஊறவைத்துக் கழுவினோம். கேம் தண்டைத் தாங்கும் கேம் புஷ் மாற்றினோம். கழற்றும்போது பிஸ்டன் கூலிங் ஜெட் (பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சும் சின்னக் குழாய்) இரண்டு வளைந்துபோனதால், ஆறையும் புதுசாக வாங்கினோம். ஆயில் பம்பை மட்டும் அளந்து பார்த்து, நன்றாக இருந்ததால் பழையதையே வைத்துக்கொண்டோம். வேலை மொத்தமும் நானும் எனக்குப் பல வருடமாகத் தெரிந்த மெக்கானிக் அண்ணனும் சேர்ந்து செய்தது.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்பே ஒரு தடங்கல். டீசலை அடைத்துவிட்டு ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றினோம். பதினைந்து பதினைந்து விநாடியாக மூன்று முறை, நடுவில் ஸ்டார்ட்டர் ஆற இடைவெளி விட்டு. கேஜ் முள் அசையவே இல்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் பம்பிலிருந்து ஒரு சொட்டுகூட ஏறி வரவில்லை. பம்பை மாட்டிப் பல நாள் ஆகிவிட்டதால் உள்ளே பூசிய ஆயில் வடிந்து, பல்சக்கரங்கள் காய்ந்து கிடந்தன. காய்ந்த பம்பு காற்றைத்தான் பிசையும், இன்ஜின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சாது. பிரஷர் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கைப்பம்பால் மெயின் கேலரிக்குள் (பிளாக்கில் ஆயில் ஓடும் முக்கிய வழி) ஆயிலை ஏற்றினோம். ஃபில்டரையும் நிரப்பி மாட்டினோம். அடுத்த முறை சுற்றியபோது பத்து விநாடிக்குள் முள் எழுந்தது. ராக்கர் கவரைத் திறந்து வைத்திருந்தோம். மேலே ஆறு இடத்திலும் ஆயில் கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டீசலைத் திறந்தோம். பிரித்து மாட்டிய இன்ஜினில் இந்த ஒரு மணி நேரத்தை யாரும் மிச்சப்படுத்த நினைக்கக் கூடாது. புது பேரிங் ஆயில் இல்லாமல் ஓடும் முதல் நிமிடத்திலேயே கெட்டுவிடும்.

இன்ஜின் அருமையாகப் பிடித்தது. குளிர்ந்த நிலையில் 4.5 பார். மனசு நிறைந்துபோனது. ஆனால் சூடு ஏற ஏற முள் இறங்கிக்கொண்டே வந்தது. முழுச் சூட்டில் ஸ்லோவில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் மெதுவாக ஓடும் நிலை) நின்றது 0.5 பார், எச்சரிக்கை விளக்கு மினுக்கியது. 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் 3.6 பார் காட்டியது. இந்த இன்ஜினின் கையேட்டில் சூடான நிலையில் ஸ்லோவில் குறைந்தது 1 பார் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. தேய்ந்துபோய்ப் பிரிக்கும் முன்புகூட 1.1 இருந்தது. பழைய பேரிங்கில் இருந்த பிரஷர் புது பேரிங்கில் இல்லையென்றால், நாங்கள் எதையோ தவறாகச் செய்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம். அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் முதலில் சந்தேகப்பட்டது கேஜை. சென்சாரும் வயரிங்கும் பொய் சொல்வது சாதாரணம். சென்சார் இருந்த இடத்தில் நேரடியாக ஒரு மெக்கானிக்கல் கேஜை இணைத்தோம். அதே 0.5. சரி, பிரச்சினை உண்மைதான்.

அடுத்து நான் செய்தது தவறு. 15டபிள்யூ-40 ஆயிலை இறக்கிவிட்டு, அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினேன். பிரஷர் 0.7க்கு வந்தது, விளக்கும் அணைந்தது. இரண்டு நாள் அப்படியே விட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாத்தின கதையா இருக்கு, தம்பி" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. கெட்டியான ஆயில் போட்டால் போகும் வழியில் அதிகம் தடைபடும், அதனால் கேஜ் ஏறும். ஓட்டை எங்கே இருந்ததோ அங்கேயேதான் இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் எனக்கே அது இந்த வேலையில்தான் உறைத்தது. பம்பு பிரஷரை உண்டாக்குவதில்லை. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில் பேரிங் இடுக்குகளிலும் புஷ்களிலும் ஜெட்டுகளிலும் வெளியேறத் திணறுகிறதே, அந்தத் திணறல்தான் பிரஷர். ஸ்லோவில் பம்பு தள்ளுவது கொஞ்சம், சூட்டில் ஆயிலும் நீர்த்துப்போகிறது. அதனால் எந்தக் கசிவும் முதலில் காட்டிக்கொடுப்பது சூடான ஸ்லோவில்தான். பேரிங் இடைவெளியில் இது இன்னும் கடுமை: அதே பிரஷரில் கசியும் அளவு இடைவெளியின் கன மடங்காகக் கூடும். இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. கிராங்க் தேய்ப்பதில் ஒரு சின்ன அளவுப் பிழைக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறார்கள் என்பது இதில் புரியும்.

பிரஷர் அளவு மீறினால் திறந்து ஆயிலை வெளியே விடும் ரிலீஃப் வால்வைக் கழற்றினோம். பிளஞ்சர் வழவழப்பாக, சிக்காமல் ஓடியது. ஸ்பிரிங் நீளமும் சரி. பார்க்க வந்த ஒருவர் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷர் போட்டால் பிரஷர் ஏறிவிடும் என்றார். பலரும் செய்வதுதான், ஆனால் ஸ்லோ பிரஷருக்கு அதனால் எந்தப் பயனும் கிடையாது. ரிலீஃப் வால்வு திறப்பதே பிரஷர் உச்சத்துக்குப் போகும்போது. 0.5 பாரில் அது ஏற்கெனவே இறுக்கமாக மூடியிருக்கிறது. மூடிய கதவை இன்னும் அழுத்தி என்ன ஆகப்போகிறது? குளிர்ந்த ஸ்டார்ட்டில் பிரஷர் அளவு மீறி, ஃபில்டர் சீலோ ஆயில் கூலரோ பிதுங்குவதுதான் மிச்சம். வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் கதை வேறு. அப்போது குளிரிலும் 4.5 வந்திருக்காது.

சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் குழாயின் ஓ-ரிங் வழியாகப் பம்பு காற்றை இழுக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. இணைப்பு சம்ப்பில் ஆயில் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும் இன்ஜினில், சோதனைக்காக மட்டும் இரண்டு லிட்டர் கூடுதலாக ஊற்றி இணைப்பை மூழ்கடித்துவிட்டு ஸ்லோவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரஷர் ஏறினால் காற்று அங்கேதான் நுழைகிறது. எங்களுக்கு ஏறவில்லை. காற்று கலந்தால் முள் நடுங்கவும் செய்யும்; எங்கள் முள் அமைதியாகத் தாழ்ந்தே நின்றது. கூடுதல் ஆயிலை உடனே இறக்கிவிட்டோம்.

வேறு வழியில்லாமல் சம்ப்பைக் கழற்றினோம். பழைய ஃபில்டரையும் அறுத்து, மடிப்புகளை விரித்து வெயிலில் பார்த்தோம். செம்பு நிறத் துகள் எதுவும் இல்லை. அது ஒரு நிம்மதி. பிறகு பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து ஒவ்வொரு பேரிங்காக அளந்தோம். கனெக்டிங் ராட் பேரிங்குகளில் சிக்கல் இல்லை. கிராங்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்கை இன்ஜின் வண்டியில் இருக்கும்போதே அளப்பதென்றால், கிராங்க் தன் எடையால் கீழே தொங்கும் என்பதை மறக்கக் கூடாது. சின்ன ஜாக்கி வைத்துக் கிராங்கை மேல் பேரிங்கோடு ஒட்டித் தாங்கிப்பிடித்தால்தான் உண்மையான இடைவெளி தெரியும். இல்லாவிட்டால் குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும். அப்படித் தாங்கி அளந்ததில் ஏழு மெயினும் 0.07, 0.08 மி.மீ. என்றே வந்தன. கையேட்டின் வரம்புக்குள் எல்லாமே. பம்பையும் ஃபீலர் கேஜால் மறுபடி பார்த்தோம், குறையில்லை.

இந்த இடத்தில் நான் உடைந்துதான் போனேன். இன்ஜினை இறக்கிக் கேம் புஷ்ஷையும் டைமிங் கவருக்குப் பின்னால் கேலரியின் முனையை அடைக்கும் பிளக்குகளையும் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி என்று தோன்றியது. கழுவும்போது கழற்றிய பிளக் ஒன்றைத் திரும்பப் போட மறப்பது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது. அண்ணன்தான் தடுத்தார். ஒரு பழைய நோட்டில் மூன்று எண்களையும் எழுதச் சொன்னார். குளிரில் 4.5. சூட்டில் 2000இல் 3.6. சூட்டில் ஸ்லோவில் 0.5. "நடு எண்ணைப் பாரு" என்றார். கையேட்டில் அந்த வேகத்துக்கு 3.5 போட்டிருந்தது. அங்கே நாம் தேறிவிட்டோம்! பேரிங் தளர்ந்திருந்தாலோ பிளக் விட்டுப்போயிருந்தாலோ வேகத்திலும் பிரஷர் குறைந்திருக்க வேண்டும். வேகத்தில் சரி, ஸ்லோவில் மட்டும் தவறு என்றால், வேகத்தில் திறந்திருக்க வேண்டியதும் ஸ்லோவில் மூடியிருக்க வேண்டியதுமான ஏதோ ஒன்று மூடாமல் இருக்கிறது. அப்படி இந்த இன்ஜினில் என்ன இருக்கிறது என்று அவர் கேட்டபோதுதான் எனக்குக் கூலிங் ஜெட் நினைவுக்கு வந்தது.

பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சிச் சூட்டைத் தணிப்பது அந்த ஜெட்டுகளின் வேலை. ஸ்லோவில் பிஸ்டனுக்கு அவ்வளவு சூடு இல்லை, ஆயிலும் மிச்சமில்லை. அதனால் சுமார் 1.5 பாருக்குக் கீழே அவை மூடிக்கொள்வது போல எங்கள் இன்ஜினில் ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள்.

ஊகத்தை நம்பி எதையும் கழற்றவில்லை. காற்றழுத்தத்தைத் தாங்கும் ஓர் இரும்புக் கலத்தில் சூடாக்கிய ஆயிலை ஊற்றி, கம்ப்ரசர் காற்றை 1 பாருக்குக் குறைத்து விட்டு, சென்சார் துளை வழியாகக் கேலரிக்கு இணைத்தோம். (பிளாஸ்டிக் கேனில் இதைச் செய்யவே கூடாது, வெடித்துவிடும்.) சம்ப் இல்லாத இன்ஜினுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து மேலே பார்த்தேன். பேரிங்குகளில் சொட்டுச் சொட்டாக, அழகாகச் சீராக வடிந்தது. கிராங்கை மெல்லத் திருப்பும்போது துளைகள் நேருக்கு நேர் வரும் இடத்தில் கொஞ்சம் கூடும், அது இயல்பு. ஆனால் ஆறு ஜெட்டிலிருந்தும் ஆயில் கயிறு கயிறாக மேலே பாய்ந்துகொண்டிருந்தது. முகமெல்லாம் ஆயில், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஒரு ஜெட்டைக் கழற்றினோம். ஜெட் குழாயில் எந்தத் தவறும் இல்லை. அதைப் பிளாக்கோடு பிடிக்கும் துளை போல்ட்டுக்குள்தான் அந்த வால்வு, ஒரு குண்டும் ஸ்பிரிங்குமாக, இருக்க வேண்டும். புது ஜெட்டுகளோடு வந்த போல்ட்டுகள் வெறும் துளை போல்ட்டுகள். வெளியிலிருந்து பார்த்தால் தலை, மரை, நீளம் எதிலும் வித்தியாசம் தெரியாது. பழைய போல்ட்டுகள் நல்லவேளையாக ஒரு டப்பாவில் கிடந்தன. இரண்டையும் வாயால் ஊதிப் பார்த்தேன். புதியதில் காற்று தாராளமாகப் போனது. பழையதில் கொஞ்சமும் போகவில்லை. ஐந்து விநாடிச் சோதனை அது. மாட்டும் முன்பே செய்திருக்கலாம்.

பழைய போல்ட்டுகளை டீசலில் கழுவி, ஒவ்வொன்றையும் கம்ப்ரசர் காற்றில் சோதித்தோம். 1 பாரில் ஆறும் மூடியிருந்தன, அழுத்தத்தைக் கூட்டியதும் திறந்தன. புது ஜெட் குழாய், பழைய போல்ட் என்று சேர்த்து, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினோம். கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் திருப்பி, பிஸ்டன் கீழே வரும்போது எந்த ஜெட்டிலும் இடிக்கவில்லை என்று பார்த்தோம். மறுபடி கலத்தை இணைத்ததில் பேரிங் சொட்டுகள் மட்டுமே விழுந்தன.

சம்ப்பை மாட்டி, 20டபிள்யூ-50ஐத் தொடாமல் பழையபடி 15டபிள்யூ-40 ஊற்றி, புது ஃபில்டர் போட்டு, டீசலை அடைத்துச் சுற்றிப் பிரஷர் ஏறிய பிறகு ஸ்டார்ட் செய்தோம். முழுச் சூடு ஏற அரை மணி நேரம் ஓடவிட்டோம். ஸ்லோவில் 1.4 பார். 2000இல் 3.7. அண்ணன் மெக்கானிக்கல் கேஜைக் கழற்ற விடவில்லை. சுமையேற்றி ஏற்றத்தில் ஒரு முறை ஓட்டி, திரும்பி வந்து நிறுத்தி, அப்போதும் 1.4 இருப்பதைப் பார்த்த பிறகே கழற்றினார். 500 கிலோமீட்டரில் ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம். புது ரிங் படிகிறபோது வரும் மெல்லிய சாம்பல் தூள் மட்டும் இருந்தது, பேரிங் உலோகம் இல்லை.