பிசிறு

என் அப்பா கோயமுத்தூர் கணபதியில் ஒரு பவுண்டரியில் முப்பத்திரண்டு வருடம் பிசிறு எடுத்தவர். மண் அச்சிலிருந்து வெளியே வரும் பம்ப் கேசிங்கின் ஓரங்களில் இரும்பு வழிந்து தகடு மாதிரி ஒட்டியிருக்கும். உளியால் தட்டி, கிரைண்டரில் தேய்த்து, கடைசியில் விரலால் தடவிப் பார்ப்பார். ஒன்றும் தட்டுப்படக் கூடாது.

போன மாதம் தங்கை வீட்டுக்குச் சென்னை போனபோது அவரை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலத்துக்குக் கூட்டிப்போனேன். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் தொடங்கிய ஓவியர் கிராமம் அது. பாத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்று, அந்தக் காசைச் சேர்த்துத்தான் இடம் வாங்கினார்கள். வயிற்றுப்பாட்டுக்காக யாரும் கலையை விட்டுவிடக் கூடாது என்பதுதான் எண்ணம். எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத கதை.

ஓவியங்களை அப்பா வேகமாகக் கடந்துவிட்டார். பி.வி. ஜானகிராமின் உலோகச் சிற்பத்துக்கு முன்னால் நின்றார். தகட்டைத் தட்டி உருவம் எடுத்து, மேலே கம்பிகளை நகை போலப் பற்றவைத்திருப்பார் ஜானகிராம். பற்றவைத்த தடம் அப்படியே தெரியும்.

"ஏங்கண்ணு, இதை ராவாமயே உட்டுட்டாங்களாட்ட இருக்குது?"

"வேணும்னேதான் உட்டிருக்காங்கப்பா."

அவர் பதில் சொல்லவில்லை. அப்புறம் வெளியே சிற்பத் தோட்டத்துக்கு வந்தோம். மரத்தடியில் கல்லும் உலோகமுமாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். எதை முதலில் இணைத்திருப்பார்கள், எங்கே சூடு அதிகமாகிவிட்டிருக்கும், கடல் காற்றின் உப்புக்கு எது தாங்கும் என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் தன் வேலையைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

கோயமுத்தூரில் இப்படி ஒரு தோட்டம் வேண்டும். இரும்பை உருக்கவும் ஊற்றவும் தெரிந்த கைகள் இத்தனை இருக்கும் ஊர் இது. சிற்பிகள் வந்து நம் பவுண்டரிக்காரர்களோடு சேர்ந்து செய்யட்டும். செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பார்க்கட்டும்.

ஊர் திரும்பிய வாரமே, குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த வள்ளுவர் சிலையைப் பார்க்கவேண்டும் என்றார் அப்பா. கூட்டிப்போனேன். எல்லோரும் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பின்னால் போய், எழுத்தும் எழுத்தும் சேரும் இடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.