பிழிந்த துணி

ஒன்பது துளைச் சாளரத்தின் வழியே நான் எட்டிப் பார்த்த நேரத்தில், அர்ச்சகர் லிங்கத்தைச் சுற்றியிருந்த துணியை எடுத்துப் பிழிந்தார்.

சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது.

திருவானைக்காவின் கருவறை தரைமட்டத்துக்குக் கீழே இருப்பதால், அங்கே ஊற்று கசிந்துகொண்டே இருக்கிறது. ஐம்பூதத் தலங்களில் இது நீருக்கு உரியது என்று படித்ததைவிட, அந்தச் சொட்டுகள் எனக்கு அதிகம் சொல்லின.

முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் கல்லணை அருகே மீண்டும் காவிரியை நெருங்கும்வரை, இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மணலும் வண்டலும்தான், திருவானைக்காவும் அமைந்த இந்தத் திருவரங்கத் தீவு. அந்த ஈர மண்ணின்மேல்தான் அரங்கநாதர் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளும், பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்று 1987-இல் நிறைவுபெற்ற 236 அடி இராஜகோபுரமும், வாழைத் தோட்டங்களும் நிற்கின்றன.

2018 ஆகஸ்டில் முக்கொம்பின் கொள்ளிட மதகுகள் உடைந்த செய்தியும் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்தபோது உச்சிக்காலம். சேலை உடுத்து, கிரீடம் அணிந்த அர்ச்சகர், அகிலாண்டேஸ்வரியாகவே ஈசனைப் பூசிக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். முன்னே யானை நடந்தது.

என் விரல்களில் இன்னும் சாளரக் கல்லின் குளிர்ச்சி இருந்தது.