ஜன்னலுக்கு டில்ட் லாட்ச் மாற்றிய அனுபவம்

அமெரிக்க வீடுகளில் பரவலாக இருப்பவை டபுள் ஹங் ஜன்னல்கள். நம் ஊர் ஜன்னல் கதவு கீலில் திறக்கும், உள்ளே கம்பி இருக்கும். இங்கே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கண்ணாடிச் சட்டங்கள், அதாவது சாஷ்கள். இரண்டும் பக்கத் தடங்களில் ஏறி இறங்கும். வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஜன்னல்களில் பெரும்பாலும் இன்னொரு வசதியும் உண்டு: சாஷை அறைக்குள் சாய்த்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மாடியில் நின்றபடியே துடைக்கலாம். வேண்டாத நேரத்தில் அது சாயாமல் பிடித்து நிறுத்துவது டில்ட் லாட்ச். சாஷின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் ஒவ்வொன்று இருக்கும். சிறிய பிளாஸ்டிக் உடல், உள்ளே ஒரு ஸ்பிரிங், பக்கத்துத் தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நாக்கு. அவ்வளவுதான் அதன் அமைப்பு.

நாங்கள் இருப்பது மிச்சிகனில், ட்ராய் பக்கம். வீடு 1990களில் கட்டியது. மகன் படுக்கும் அறையில் மேற்கு பார்த்த ஜன்னலைத் தூக்கும்போது ஒரு மூலை மட்டும் உள்ளே சாய்ந்து வந்தது. பார்த்தால் அந்தப் பக்கத்து லாட்சின் நாக்கு முறிந்திருந்தது. வருடக்கணக்கில் வெயில் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் உளுத்துப்போயிருந்தது. ஒரு பக்கம் போனால் மொத்தப் பாரத்தையும் மறுபக்கம் தனியாகத் தாங்க வேண்டும், அதுவும் அதே வயதான பிளாஸ்டிக். இரட்டைக் கண்ணாடி போட்ட சாஷ் கனமானது. அது மேலே இருந்து ஒரு குழந்தையின் மீது சாய்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அன்றே ஜன்னலை இறக்கி, நடுவில் இருக்கும் பூட்டைத் திருப்பிப் பூட்டிவிட்டேன். அந்தப் பூட்டு கீழ்ச் சாஷை மேல்ச் சாஷோடு இணைத்துப் பிடிப்பதால், பூட்டி இருக்கும்வரை சாயாது. யாரும் திறக்கக் கூடாது என்று ஒரு டேப்பும் ஒட்டினேன்.

பார்க்க வந்த ஜன்னல் வியாபாரி ஒருவர், இவ்வளவு பழைய ஜன்னலுக்குப் பாகம் கிடைக்காது, முழுவதும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சட்டம் கோணவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பனி படரவில்லை, அதாவது சீல் நன்றாகவே இருக்கிறது. உடைந்தது ஒரு லாட்ச் மட்டும். இந்த நிலையில் இருக்கும் ஜன்னலைத் தூக்கி எறிவது வீண் செலவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நண்பர் ஒருவர், "ரெண்டு ஸ்க்ரூவைப் போட்டு மூடிடுங்கண்ணா, பெட்ரூம் ஜன்னலை யாரு தொறக்கப் போறா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் படுக்கையறை ஜன்னல் என்பது தீப்பிடித்தால் வெளியேறும் வழி. இங்கே வீடு கட்டும் விதிகளில் அதற்கென்றே அளவு உண்டு: திறந்த இடைவெளி பொதுவாகக் குறைந்தது 5.7 சதுர அடி, அகலம் 20 அங்குலம், உயரம் 24 அங்குலம், தரையிலிருந்து திறப்பின் அடிப்பாகம் 44 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தீயணைப்பு வீரர் உள்ளே வருவதும் அதே வழியாகத்தான். ஸ்க்ரூ யோசனையை யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

உண்மையான வேலை, சரியான லாட்சைக் கண்டுபிடிப்பதுதான். பொருத்துவதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்குத்தான் அதிகம் ஆனது. ஜன்னலில் எங்கும் நிறுவனத்தின் பெயர் இல்லை. சில ஜன்னல்களில் கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் உலோகப் பட்டையில் எழுத்தும் தேதியும் அச்சாகியிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தபோது எங்களுடையதில் தேதி மட்டும் தெரிந்தது. அதனால் லாட்சையே கழற்றி அளக்க வேண்டியதாயிற்று. எங்களுடையது சாஷின் மேல்பரப்போடு சமமாகப் பதிந்திருக்கும் வகை. மேலே தனியாக உட்கார்ந்து ஸ்க்ரூவில் நிற்கும் வகையும் உண்டு, அதற்கு இது பொருந்தாது. நாக்கை உள்ளே தள்ளிக்கொண்டு, மறுமுனையில் தட்டையான ஸ்க்ரூடிரைவரை மெதுவாகக் கொடுத்து நெம்பினால் மேலே வந்துவிடும்.

டிஜிட்டல் காலிப்பர் என்ற துல்லிய அளவுக் கருவியில் மேல் தட்டின் நீளம், அகலம், அது உட்காரும் பள்ளத்தின் நீளம், ஆழம், நாக்கு வெளியே நீட்டும் அளவு என எல்லாவற்றையும் எடுத்தேன். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு பிசகினாலும் பள்ளத்தில் உட்காராது, உட்கார்ந்தாலும் ஆடும். நாக்கின் சரிவு எந்தப் பக்கம் என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி லாட்ச். கழற்றியதைக் கவிழ்த்துப் பார்த்தபோது அடியில் அச்சில் வார்த்த ஓர் எண் இருந்தது. ஜன்னல் உதிரிபாகம் மட்டுமே விற்கும் ஒரு கடைக்கு அந்த எண்ணையும், ஸ்கேல் பக்கத்தில் வைத்து எடுத்த படங்களையும் அனுப்பினேன். பொருத்தமானதைச் சொன்னார்கள். ஒரு ஜோடி சில டாலர்தான்.

குளிரில் வினைல் எளிதில் விரிசல் விடும் என்பதால் ஏப்ரல் வரை காத்திருந்து வேலையைத் தொடங்கினேன். கீழ்ச் சாஷை மூன்று நான்கு அங்குலம் தூக்கி, நல்ல லாட்சை நடுப்பக்கமாக இழுத்துச் சாய்க்க வேண்டும். "நான் பிடிச்சுக்கிறேன், நீங்க பாத்து இழுங்க" என்று மனைவி பக்கத்தில் நின்றாள். தனியாகச் செய்யவே கூடாத வேலை இது. சாய்ந்த சாஷின் மேல் விளிம்பை ஒரு ஸ்டூலில் துண்டு விரித்துத் தாங்கவைத்தோம்.

லாட்ச் மாற்றுவதற்குச் சாஷை முழுதாகக் கழற்றத் தேவையில்லை. அதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சாஷின் அடி மூலைகளில் இருக்கும் உலோகத் தண்டுகள், தடத்துக்குள் இருக்கும் ஷூ என்ற துண்டில் உட்கார்ந்திருக்கும். ஷூவை மேலே இழுத்துக்கொண்டே இருக்கிறது ஒரு ஸ்பிரிங், அதனால்தான் அவ்வளவு கனத்தை ஒரு கையால் தூக்க முடிகிறது. சாஷ் சாயும்போது ஷூவுக்குள் கேம் என்ற சுழலும் துண்டு திரும்பித் தடத்தோடு இறுகிப் பூட்டிக்கொள்ளும். அது பூட்டாத நிலையில் தண்டு வெளியே வந்தால் ஷூ சீறிக்கொண்டு மேலே போகும். விரல் நடுவில் இருந்தால் போச்சு.

பழைய லாட்ச் இரண்டையும் எடுத்து, பள்ளத்தில் சேர்ந்திருந்த தூசியைப் பிரஷால் தட்டிவிட்டு, புதியவற்றை நாக்குப் பக்கம் முதலில் நுழைத்து மறுமுனையை அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. உடையாத பக்கத்தையும் சேர்த்து மாற்றியதற்குக் காரணம், இரண்டுக்கும் ஒரே வயது. சாஷை நிமிர்த்தித் தள்ளும்போது இரண்டு பக்கமும் தனித்தனியாக டக், டக் என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகும் கையை எடுக்காமல் மேல் விளிம்பை நம் பக்கமாக இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. பிறகு தடத்தைத் துடைத்து சிலிக்கான் ஸ்பிரே அடித்தேன். எண்ணெய் போட்டால் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மற்ற ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வடக்குப் பக்கத்தவை இன்னும் கெட்டியாக இருக்கின்றன. தெற்கிலும் மேற்கிலும் இருப்பவை நகத்தால் சுரண்டினாலே வெள்ளைத் தூள் கொட்டுகிறது. அவற்றுக்கும் அதே எண்ணில் ஜோடிகள் வாங்கி, கீழ்ச் சாஷ்கள் எல்லாவற்றுக்கும் மாற்றியாயிற்று. மேல்ச் சாஷ்கள் மீதம். அவற்றைச் சாய்க்க வேண்டுமென்றால் முதலில் கீழ்ச் சாஷைச் சாய்த்து வைத்துவிட்டு, பிறகு மேலே இருப்பதைக் கீழே இறக்க வேண்டும். அதற்கு இன்னும் இரண்டு கை வேண்டும், தம்பி ஜூனில் வருகிறான்.